பறவைக் குலங்களும் பார்வை மயக்கங்களும்

வகைப்பாட்டியல் என்ற சொல்லைக் கேட்டதும் விலங்கியல் மாணவர்களுக்கே முகம் வாடிவிடுகிறது. தொகுதி, வகுப்பு, வரிசை, குடும்பம், பேரினம், சிற்றினம் என்று ஏணிப்படிபோல் அடுக்கிய பெயர்களை மனப்பாடம் செய்து, தேர்வுத் தாளில் இறக்கி வைத்துவிட்டால் கடமை முடிந்தது என்று எண்ணுவோர் பலர். பிற துறை மாணவர்களோ, 'ஒரு பறவை இன்ன குடும்பத்தைச் சேர்ந்தது என்று தெரிந்துகொள்வதால் யாருக்கு என்ன பயன்?' என்று கேட்கின்றனர். நியாயமான கேள்விதான். வகைப்பாடு வெறும் பெயர்ப் பட்டியலாக இருக்குமானால் அதனால் பயன் ஒன்றும் இல்லை. ஆனால் அது பட்டியல் அன்று; வம்சாவளி. எந்தப் பறவை எதற்கு உடன்பிறப்பு, எது பங்காளி, எது வெறும் சாயல் ஒற்றுமை உடைய அயலார் என்று கூறும் குலவரலாறு அது. இவ்வுறவை அறிவதும் அறியாமல் இருப்பதும் ஓர் இனத்தின் வாழ்வுக்கும் சாவுக்குமான வேறுபாடாகவே அமைந்துவிடக் கூடும். நம் நாட்டுப் பாறுக் கழுகுகளின் கதை அதற்குச் சான்று. அக்கதைக்கு வருமுன், நாம் நாள்தோறும் காணும் சில பறவைகளிடம் தொடங்குவோம்.

காகமும் குயிலும்

'பாடும் பறவைக்கு எடுத்துக்காட்டுத் தருக' என்றால் தமிழ்நாட்டில் பத்துப் பேரில் ஒன்பது பேர் குயில் என்பர். பாடாத பறவை எது என்றால் காகம் என்பர். விலங்கியல் கூறுவது இதற்கு நேர்மாறானது. காகம் பாடும் பறவை. குயில் பாடும் பறவை அன்று!

இதில் விளையாட்டு ஒன்றும் இல்லை. 'பாடும் பறவைகள்' என்பது இனிமைக்காகத் தரப்பட்ட பட்டம் அன்று. ஒரு பெருங்கிளையின் பெயர். பறவைகளின் மூச்சுக்குழல் இரண்டாகப் பிரியும் இடத்தில் ஓர் ஒலிப்பெட்டி உண்டு. பாடும் பறவைகளில் அதனை இயக்கும் தசைகள் பல இணைகளாகப் பெருகி நுட்பமாக அமைந்திருக்கின்றன. காகத்தின் ஒலிப்பெட்டியும் அவ்வாறு அமைந்ததே. கருவி நன்றாக இருக்கிறது. இசைதான் நமக்குப் பிடிக்கவில்லை. மேலும் இக்கிளைப் பறவைகள் தம் குரலைப் பெரும்பாலும் மூத்த பறவைகளிடம் கேட்டுப் பழகிக்கொள்பவை. குயிலோ காகத்தின் கூட்டில் பொரித்து, காகம் ஊட்டி வளர்ந்து, காகத்தின் கரைதலையே கேட்டிருந்தும், பருவம் வந்ததும் குயிலாகவே கூவுகிறது. அதன் குரல் கற்றது அன்று. பிறவியிலேயே உடன் வந்தது. காலைப் பார்த்தாலும் வேறுபாடு விளங்கும். காகத்துக்கு மூன்று விரல்கள் முன்னும் ஒன்று பின்னும் உள்ளன. குயிலுக்கு இரண்டு முன்னே, இரண்டு பின்னே. வயல்வரப்பில் தத்தித் திரியும் செம்போத்துக்கும் அதே கால்தான். ஆங்கிலேயர் செம்போத்தைக் 'காக்கைக் கோழி' என்னும் பொருள்பட வழங்கினர். அது காகமும் அன்று, கோழியும் அன்று, குயிலின் குடும்பத்தது. ஆயினும் தானே கூடு கட்டித் தன் குஞ்சைத் தானே வளர்ப்பது. குயில் குடும்பம் முழுவதும் பிறர் கூட்டில் முட்டையிடும் என்ற எண்ணமும் இதனால் அடிபட்டுப் போகிறது.

பெயரால் வரும் மயக்கம்

பெயரை நம்பி உறவு கணிப்பது எவ்வளவு ஏமாற்றம் தரும் என்பதற்குத் தமிழிலேயே ஓர் அழகான இணை உண்டு. மின்கம்பியில் அமர்ந்து, பிளவுபட்ட வாலுடன் பூச்சிகளைப் பாய்ந்து பிடிக்கும் கரிய பறவை கரிச்சான். வீட்டுத் தோட்டத்தில் விடியலில் பாடும் கறுப்பு வெள்ளைப் பறவை குண்டுக்கரிச்சான். பெயரைக் கேட்டால் அண்ணன் தம்பி போலத் தோன்றும். மறுபுறம், தோப்புகளில் நாடா போன்ற நீண்ட வாலுடன் பறக்கும் அரசவால் ஈப்பிடிப்பான் என்னும் பறவையும் உண்டு. பெயரின்படி அது ஈப்பிடிப்பான்களின் குடும்பத்தைச் சேர வேண்டும். உண்மை என்ன? ஈப்பிடிப்பான்களின் குடும்பத்தில் இருப்பது குண்டுக்கரிச்சான். அரசவால் ஈப்பிடிப்பானோ கரிச்சானுக்கும் காகத்துக்கும் நெருங்கிய வேறொரு கிளையில் இருக்கிறது. இருவரும் பெயரை மாற்றிக்கொண்டு விட்டார்கள் போலும்!

இதில் இன்னொரு சுவையும் உண்டு. இன்றைய வகைப்பாட்டுக்கு அடிகோலிய சுவீடன் நாட்டு அறிஞர் கார்ல் லின்னேயஸ், 1758-இல் வெளியிட்ட தம் நூற்பதிப்பில் அரசவால் ஈப்பிடிப்பானைக் காகத்தின் பேரினத்திலேயே சேர்த்து 'கார்வஸ் பாரடைசி' என்று பெயரிட்டார். பின்வந்தோர் அதனை அங்கிருந்து எடுத்து ஈப்பிடிப்பான்களோடு வைத்தனர். இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் கழிந்தபின் மரபணு ஆய்வு அதனை மீண்டும் காகத்தின் பக்கமே கொண்டுவந்து சேர்த்தது. லின்னேயஸ் சரியான காரணத்தால் அவ்வாறு செய்தார் என்று கூற முடியாது. குறி தப்பாமல் விழுந்த குருட்டுக் கல் என்றே கொள்ளலாம். ஏனெனில் அதே நூலில் அவர் உழவாரனைத் தகைவிலானோடு சேர்த்தார். கீச்சான் குருவியைப் பருந்து, ஆந்தை ஆகியவற்றோடு ஒரே வரிசையில் வைத்தார். கீச்சான் பூச்சியையும் ஓணானையும் கொன்று முள்ளில் குத்தி வைப்பதைக் கண்டு, கொல்லும் பறவைகள் எல்லாம் ஒரு குலம் என்று முடிவு செய்தார் போலும். தொழிலைக் கொண்டு குலம் வகுத்த பிழை அது.

தொழில் ஒன்று, குலம் வேறு

இப்பிழையின் வேர் எங்கே இருக்கிறது என்பதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். ஒரே தொழிலைச் செய்யும் உயிர்கள், தொடர்பே இல்லாத குலங்களில் பிறந்திருந்தாலும், காலப்போக்கில் ஒரே உருவத்தை அடைந்துவிடுகின்றன. பறந்தபடியே பூச்சி பிடிக்க வேண்டுமானால் நீண்டு வளைந்த சிறகும் அகலத் திறக்கும் வாயும் வேண்டும். எவர் அத்தொழிலுக்கு வந்தாலும் அவ்வுடை அணிந்தே தீர வேண்டும். இதனைக் குவி பரிணாமம் என்பர். வெவ்வேறு ஊர்களிலிருந்து புறப்பட்ட சாலைகள் ஒரே சந்தைக்கு வந்து சேருவதுபோல என்று வைத்துக்கொள்ளலாம்.

தகைவிலானும் உழவாரனும் இவ்வாறு ஒத்தவையே. மழைக்கு முன்னும் பின்னும் கோயில் கோபுரத்தைச் சுற்றிக் கூட்டமாகச் சுழலும் பறவை நாட்டு உழவாரன். குளிர்காலத்தில் வலசை வந்து மின்கம்பிகளில் வரிசையாக அமர்வது தகைவிலான். பறக்கையில் இரண்டையும் பிரித்தறிவது எளிதன்று. ஆனால் உழவாரன் கம்பியில் அமர்ந்து யாரும் பார்த்ததில்லை. அதன் கால் கம்பியைச் சுற்றிப் பிடிக்க ஏற்றதன்று. சுவரிலோ பாறையிலோ நகங்களால் தொற்றிக்கொள்ள மட்டுமே உதவும். நம் பனை மரங்களில், ஓலையின் அடிப்புறத்தில், தன் எச்சிலையே பசையாக்கி இறகும் பஞ்சும் ஒட்டி, கையளவு கூடு கட்டும் பனை உழவாரனும் இக்குடும்பமே. தகைவிலானோ காகத்தைப் போலவும் சிட்டுக்குருவியைப் போலவும் பாடும் பறவைகளின் கிளையில் ஒன்று.

அப்படியானால் உழவாரனுக்கு உறவினர் யார்? இங்கேதான் வியப்பு. அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே வாழும் ரீங்காரச் சிட்டுகளே அதன் நெருங்கிய சுற்றம். இரண்டுக்கும் மேற்கை எலும்பு மிகக் குட்டையாகவும் கையெலும்புகள் நீண்டும் அமைந்துள்ளன. சிறகின் பெரும்பகுதி உண்மையில் 'கை'தான். ரீங்காரச் சிட்டு ஓரிடத்தில் நின்றபடி பறப்பதும், பின்னோக்கிப் பறப்பதும் இத்தகைய கையால் இயல்பவை. நம் ஊர்த் தோட்டங்களில் செம்பருத்திப் பூவில் தேன் குடிக்கும் ஊதாத் தேன்சிட்டைக் காட்டி, 'இதுதான் ரீங்காரச் சிட்டு' என்று கூறுவோர் படித்தவர்களிலும் உண்டு. வளைந்த நீண்ட அலகும், மின்னும் நிறமும், தேனுணவும் பார்த்துக் கூறுவது அது. தேன்சிட்டு பெரும்பாலும் கிளையில் அமர்ந்தே தேன் குடிக்கும். அதன் சுற்றத்தார் மலர்கொத்திகளும், சற்றுத் தொலைவில் சிட்டுக்குருவியும் ஆவர். பூவிலே இருக்கும் தேன்சிட்டு ரீங்காரச் சிட்டுக்கு அயலார். பனையோலையில் கூடு கட்டி, தேனையே அறியாமல், பூச்சி தின்று வாழும் உழவாரன் அதற்குப் பங்காளி. உருவத்தை மட்டும் பார்ப்பவர் எவரும் இதனை ஊகித்திருக்க முடியாது.

நீர்நிலைகளுக்குச் சென்றாலும் இதே கதைதான். ஏரியில் வாத்துக் கூட்டத்தோடு நீந்தும் நாமக்கோழி வாத்தும் அன்று, பெயர் கூறுவதுபோலக் கோழியும் அன்று. விரல்களுக்கிடையே வாத்துக்கு உள்ள சவ்வு அதற்கு இல்லை. ஒவ்வொரு விரலின் ஓரத்திலும் தனித்தனி மடல்கள் உண்டு. தாழைக்கோழி, கானாங்கோழி ஆகியவற்றின் குடும்பம் அது. பழவேற்காட்டிலும் கோடியக்கரையிலும் கூட்டங்கூட்டமாக நிற்கும் பூநாரையும் பெயரளவிலேயே நாரை. 2001 முதல் வெளிவந்த மரபணு ஆய்வுகள் அதன் நெருங்கிய உறவாகக் காட்டியது எதனை என்றால், ஊர்க்குளத்தில் முழுகி முழுகி எழும் சின்னஞ்சிறு முக்குளிப்பானை. முதலில் எவரும் நம்பவில்லை. பின்னர் எலும்புகளையும் முட்டைகளையும் ஒப்பிட்டபோது, முட்டையோட்டின் மேல் சுண்ணம் பூசியது போன்ற படிவம் இரண்டுக்கும் பொதுவாக இருத்தல் முதலிய ஒற்றுமைகள் புலப்பட்டன. ஒற்றுமை முன்பே இருந்தது. நீண்ட காலையும் நீண்ட கழுத்தையும் பார்த்துக்கொண்டிருந்த கண்ணுக்கு அது தெரியவில்லை.

இராசாளியின் கதையைச் சுருக்கமாகக் கூறிவிடலாம். கூரிய நகமும் கொக்கி அலகும் உடைய இராசாளியைப் பருந்தோடு வைப்பதே நெடுங்கால வழக்கம். 2008-இல் வெளியான விரிவான மரபணு ஆய்வு, இராசாளிக்குப் பருந்தைக் காட்டிலும் கிளியே நெருங்கிய உறவு என்று காட்டியது. 2014-இல் 48 பறவைகளின் முழு மரபுத் தொகுதியை ஒப்பிட்டவர்களும், 2024-இல் 363 பறவைகளின் மரபுத் தொகுதிகளை ஒப்பிட்டவர்களும் அம்முடிவையே உறுதி செய்தனர். பருந்து இரையைக் கால் நகங்களால் கொல்லும். இராசாளி தன் அலகில் உள்ள பல் போன்ற முனையால் கழுத்தைக் கடித்துக் கொல்லும். வேட்டைக்காரர்கள் இவ்வேறுபாட்டை எப்போதோ கண்டிருந்தனர்; நூலோர் அதற்கு உரிய மதிப்பைத் தரவில்லை.

சிற்றினம் என்பது எது?

குடும்பத்தை விட்டுச் சிற்றினத்துக்கு வருவோம். நிறமும் உருவமும் வேறானால் சிற்றினமும் வேறு என்ற எண்ணம் பரவலாக உள்ளது. குயிலில் ஆண் கருமை. பெண் பழுப்பில் வெண்புள்ளி. நாட்டுப்புறத்தில் இவ்விரண்டையும் இரு வேறு பறவைகள் என்றே கருதுவோர் இன்றும் உண்டு. அவர்களை எள்ளி நகையாட வேண்டியதில்லை. நியூகினித் தீவின் ஒருவகைக் கிளியில் ஆண் பச்சை, பெண் சிவப்பு. ஐரோப்பிய அறிஞர்களே நெடுங்காலம் அவற்றை இரு சிற்றினங்கள் என்று எண்ணியிருந்தனர். மாறாக, நம் தெருவில் ஒரே குப்பைமேட்டில் இரைதேடும் வீட்டுக் காகமும் அண்டங்காக்கையும் பார்வைக்கு ஏறத்தாழ ஒன்றே. ஒரே மரத்தில் அடைகின்றன. ஆயினும் ஒன்றோடொன்று கலந்து குடும்பம் நடத்துவதில்லை; ஆதலின் அவை இரு சிற்றினங்கள். விசிறிவால் புறா, கர்ணப் புறா, பந்தயப் புறா என்று வளர்ப்போர் எத்தனையோ வகை காட்டுவர். அத்தனையும் மாடப்புறா என்ற ஒரே சிற்றினத்தின் வழி வந்தவையே. இதனை டார்வின் தம் 1859-ஆம் ஆண்டு நூலின் முதல் இயலிலேயே விரித்துரைத்தார்.

எனவே சிற்றினத்துக்கு அளவுகோல் தோற்றம் அன்று. தமக்குள் இயல்பாக இனப்பெருக்கம் செய்துகொண்டு, பிறவற்றோடு கலவாமல் நிற்கும் கூட்டமே சிற்றினம் என்று எர்ன்ஸ்ட் மேயர் 1942-இல் வரையறை தந்தார். நல்ல வரையறைதான். ஆனால் அதில் ஓர் இடர்ப்பாடும் உண்டு. ஒன்றையொன்று சந்திக்கவே வாய்ப்பில்லாமல் தொலைவில் வாழும் இரு கூட்டங்களை என்ன செய்வது? கலக்குமா கலவாதா என்று பார்க்க வழியில்லை. எலும்பு, இறகு, குரல், கூடு, இன்று மரபணு ஆகிய எல்லாவற்றையும் ஒருங்கே எடைபோட்டே முடிவு செய்ய வேண்டும். இதனால்தான் உலகப் பறவைச் சிற்றினங்களின் தொகை, ஏறத்தாழ 11,000 என்று கூறப்பட்டாலும், ஒவ்வொரு பட்டியலிலும் சற்று வேறுபடுகிறது. இவ்வேறுபாட்டைக் கண்டு, 'அறிஞர்களுக்கே தெரியவில்லை' என்று கைகொட்டுவோர், அடுத்து வரும் செய்தியைக் கருத வேண்டும்.

பாறுகளின் வீழ்ச்சி

கழுகு என்ற ஒரே சொல்லால் வேட்டையாடும் பெரும் பறவைகளையும் பிணந்தின்னும் பறவைகளையும் நாம் குறித்து வருகிறோம். சங்க நூல்களில் பாறு, எருவை என்ற சொற்கள் வழங்கின. இவற்றுள் பாறு என்ற சொல்லைப் பிணந்தின்னிக் கழுகுகளுக்கு இன்று பறவை ஆர்வலர்கள் மீட்டெடுத்துள்ளனர், வரவேற்கத் தக்கது. திருக்கழுக்குன்றத்தில் நாள்தோறும் நண்பகலில் வந்து உணவுண்ட இரு பறவைகளைப் பருந்து என்றும் கழுகு என்றும் பலவாறு எழுதினர். அவை மஞ்சள்முகப் பாறுகள். இன்று அவை அங்கு வருவதில்லை.

லின்னேயஸ் இந்த மஞ்சள்முகப் பாற்றையும், அமெரிக்காவின் வான்கோழிப் பாற்றையும், ஆண்டிஸ் மலையின் பெருங்கழுகாகிய காண்டோரையும் 'வல்டுர்' என்ற ஒரே பேரினத்தில் அடக்கினார். மொட்டைத் தலை, பெருஞ்சிறகு, பிணந்தின்னும் வழக்கம், வேறென்ன வேண்டும்? ஆனால் அமெரிக்கப் பாறுகளுக்கு ஒலிப்பெட்டியே இல்லை; சீறத்தான் முடியும். இரு மூக்குத் துளைகளுக்கு இடையே தடுப்பு இல்லாததால் ஒருபுறமிருந்து மறுபுறம் பார்க்கலாம். கூடு கட்டும் வழக்கமும் இல்லை. வெயிலில் தம் காலின்மேல் தாமே எச்சமிட்டுக் குளிர்வித்துக்கொள்ளும் பழக்கத்தை நாரைகளிடமும் கண்டு, 1960-களிலிருந்து அவற்றை நாரைகளின் உறவென்றே பலர் எழுதினர். மரபணு ஆய்வு அதனையும் ஏற்கவில்லை. பருந்து, கழுகு ஆகியவை உள்ள பெருங்கிளையில்தான் அவையும் உள்ளன. ஆயினும் மிகத் தொன்மையிலேயே பிரிந்துபோன தனிக் கிளை அது. நம் நாட்டுப் பாறுகளோ பருந்துக் குடும்பத்துக்கு உள்ளேயே இருப்பவை. அங்கும் அவை ஒரே கொத்தாக இல்லை: மஞ்சள்முகப் பாற்றுக்கு நெருங்கியவை தேன்பருந்துகள், வெண்முதுகுப் பாற்றுக்கும் கருங்கழுத்துப் பாற்றுக்கும் நெருங்கியவை பாம்புண்ணிக் கழுகுகள். பிணந்தின்னும் தொழிலுக்கு மூன்று குலங்கள் தனித்தனியே வந்து ஒரே சீருடை அணிந்துகொண்டன என்று பொருள்.

இது வெறும் நூலறிவு என்று எண்ணலாம். ஆனால் 1990-களில் இந்தியா முழுவதும் பாறுகள் கொத்துக் கொத்தாகச் செத்து விழுந்தன. 1992-க்கும் 2007-க்கும் இடையே வெண்முதுகுப் பாறு 99.9 விழுக்காடு குறைந்தது. ஆயிரம் இருந்த இடத்தில் ஒன்று மிஞ்சியது. ஏதோ தொற்றுநோய் என்றே முதலில் ஐயுற்றனர். 2004-இல் லிண்ட்சே ஓக்ஸ் தலைமையிலான குழு பாகிஸ்தானில் செய்த ஆய்வின் வழியாகக் காரணத்தைக் கண்டறிந்தது. மாடுகளுக்கு வலியும் வீக்கமும் தணியக் கொடுக்கப்பட்ட டைக்ளோஃபினாக் என்ற மருந்தே அது. மருந்து செலுத்திய மாடு சில நாள்களுக்குள் இறந்து, அதன் இறைச்சியைப் பாறு தின்றால், பாற்றின் சிறுநீரகம் செயலிழக்கிறது. யூரிக் அமிலம் வெண்பொடியாக உள்ளுறுப்புகளின்மேல் படிகிறது. ஓரிரு நாளில் பறவை இறக்கிறது. ஒரே சடலத்தைப் பல பறவைகள் சூழ்ந்து தின்பதால், நூறு சடலங்களில் ஒன்றுக்கும் குறைவானவற்றில் நஞ்சு இருந்தாலே இந்த அழிவுக்குப் போதும் என்று கணக்கிட்டனர்.

இங்கே வகைப்பாடு தன் வேலையைச் செய்தது. அம்மருந்துக்கு மாற்றாக, மாட்டின் வலியும் தணிய வேண்டும், பாறும் சாகக் கூடாது என்றால், எதைக் கொடுப்பது? சோதித்துப் பார்க்க வேண்டும். ஆனால் அழிந்துகொண்டிருக்கும் நம் பாறுகளிலேயே அச்சோதனையைத் தொடங்க முடியாது. ஆகவே நம் வெண்முதுகுப் பாற்றின் பேரினமாகிய 'ஜிப்ஸ்' என்பதையே சேர்ந்த ஆப்பிரிக்க வெண்முதுகுப் பாறுகளைத் தேர்ந்தெடுத்தனர். டைக்ளோஃபினாக் அவற்றையும் கொன்றது; மெலாக்சிகாம் என்ற மருந்து கொல்லவில்லை. அதன் பிறகே அம்மருந்தை நம் நாட்டுப் பாறுகளுக்குக் கொடுத்துப் பார்த்தனர். அவையும் நலமாகவே இருந்தன. 2006-இல் இம்முடிவு வெளிவந்தது. அவ்வாண்டே இந்திய அரசு கால்நடைகளுக்கான டைக்ளோஃபினாக்கைத் தடை செய்தது.

உருவத்தை நம்பி அமெரிக்காவின் வான்கோழிப் பாற்றில் சோதித்திருந்தால் என்னவாகியிருக்கும்? அதற்கும் விடை உண்டு. 2008-இல் அச்சோதனையும் வெளிவந்தது. நம் பாறுகளைக் கொல்லும் அளவைப் போல் நூறு மடங்குக்கு மேல் டைக்ளோஃபினாக் கொடுத்தும் வான்கோழிப் பாறுகளுக்குத் தீங்கு ஒன்றும் தோன்றவில்லை! அதை மட்டும் பார்த்தவர், 'பாறுகளுக்கு இம்மருந்து ஆகாதது அன்று' என்று மனமார எழுதிக் கொடுத்திருப்பார். மொட்டைத் தலை ஒன்றுபோல் இருக்கலாம். சிறுநீரகம் ஒன்றுபோல் இல்லை. மறுபுறம், தோற்றத்தில் பாறுகளோடு ஒட்டாத, இறகு நிறைந்த தலையுடைய புல்வெளிக் கழுகு பருந்துக் குடும்பத்தது. இராசஸ்தானில் இறந்துகிடந்த அக்கழுகுகளின் உடலில் டைக்ளோஃபினாக்கும், சிறுநீரகத்தில் அதே கேடும் இருந்ததை 2014-இல் வெளியான ஆய்வு காட்டியது. குலம் எங்கே செல்கிறதோ அங்கே நஞ்சும் செல்கிறது என்று ஐயுற அது இடம் தந்தது.

சிற்றினத்தின் எல்லையைப் பற்றிய வாதமும் இங்கே பயன்பட்டது. நீண்ட அலகுடைய பாறுகள் தீபகற்பப் பகுதியில் பாறைகளில் கூடு கட்டின. இமயத்தின் அடிவாரத்திலும் அசாமிலும் மரங்களில் கட்டின. இவை ஒரே சிற்றினத்தின் இரு வகைகள் என்றே சாலிம் அலி காலத்து நூல்கள் எழுதின. 2001-இல் எலும்பளவும் இறகும் கூடும் ஒப்பிட்டு, இரண்டும் வெவ்வேறு சிற்றினங்கள் என்று காட்டப்பட்டது. ஒன்றாக எண்ணியவரை, தெற்கே எஞ்சியிருந்த பறவைகள் வடக்கே நேர்ந்த இழப்பை மறைத்தன. பிரித்து எண்ணிய பின்னரே, வடக்கத்திய மெல்லலகுப் பாறுகளில் இனப்பெருக்கம் செய்யும் வயதுடையவை உலகில் ஆயிரத்துக்கும் குறைவு என்ற மதிப்பீடு கிடைத்தது. அச்சிற்றினத்துக்கெனத் தனியாகக் கூண்டு வளர்ப்பு மேற்கொள்ளப்பட்டதும் அதனாலேயே. பட்டியலில் ஒரு வரி கூடியது என்று கருதியிருந்தால், ஒரு முழுச் சிற்றினம் பெயரில்லாமலே போயிருக்கும்.

தமிழ்நாட்டில் வெண்முதுகுப் பாறுகள் இன்று முக்கியமாக நீலகிரியின் வடபுறம் மாயாற்றுப் பள்ளத்தாக்கில் கூடு கட்டுகின்றன. ஆற்றங்கரையின் உயரமான நீர்மருது மரங்களே அவற்றின் இருப்பிடம். கருங்கழுத்துப் பாறும், செந்தலைப் பாறும், மஞ்சள்முகப் பாறும் அப்பகுதியில் உண்டு. டைக்ளோஃபினாக் தடைக்குப் பிறகு அதே வேலையைச் செய்யும் வேறு மருந்துகள் கால்நடை மருத்துவத்தில் புகுந்தன. அவற்றுள் அசிக்ளோஃபினாக் மாட்டின் உடலில் டைக்ளோஃபினாக்காகவே மாறிவிடுவது. கீட்டோபுரோஃபன் ஆப்பிரிக்கப் பாறுகளில் சோதித்தபோது அவற்றைக் கொன்றது. இவ்விரண்டையும் கால்நடைகளுக்குப் பயன்படுத்துவதை 2023-இல் மத்திய அரசு தடை செய்தது. மனிதருக்கான டைக்ளோஃபினாக் இன்னும் கடைகளில் உண்டு. பெரிய புட்டிகளில் விற்றதை மாட்டுக்குப் பயன்படுத்தினார்கள் என்பதால், 2015 முதல் அதன் ஊசிமருந்தை ஒருவருக்கு ஒரு முறை மட்டும் போடக்கூடிய 3 மில்லிலிட்டர்ச் சிறு குப்பிகளிலேயே விற்க வேண்டும் என்பது சட்டம்.